மங்களாக்காவின் ஐந்து ஐரிஸ் கிழங்குகள்

செய்தியைச் சொன்னவர் துரையண்ணை. நானும் மங்களாக்காவும் முன்பு ஒன்றாக வேலை செய்த கந்தோரில் தொழிலாளியாக இருந்தவர். காலை ஆறரை மணி இருக்கும். கோப்பாயில் எங்கள் வீட்டுக் கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தேன். மகள் தொலைபேசியைக் கொண்டுவந்து என் காதில் பிடித்தாள்.

"பிள்ளை வசந்தி, மங்களாக்கா மோசம் போட்டா. இரவு படுத்தவவாம், விடிய எழும்பேல்லை. செந்தூரன் இப்பதான் எடுத்துச் சொன்னவன்."

செந்தூரன் மங்களாக்காவின் ஒரே மகன். சவர்க்கார நுரை முழங்கையால் வழிந்து சேலைத் தலைப்பை நனைத்தது.

"கேக்குதோ பிள்ளை?"

"ஓம், கேக்குது. எப்ப எடுக்கினம்?"

"நாளைக்குப் பத்து மணிக்கு. வருவியள்தானே?"

அவர் அப்படிக் கேட்டதற்குக் காரணம் இருந்தது. ஆறு வருடங்களாக நானும் மங்களாக்காவும் ஒரு வார்த்தை கதைத்ததில்லை. அது துரையண்ணைக்குத் தெரியும். ஏன் என்பதுதான் அவருக்கு முழுதாகத் தெரியாது.

"வாறன்" என்றேன்.

இந்த நினைவு மலரைக் கையில் எடுக்கும் நீங்கள் எல்லோரும் மங்களேஸ்வரி என்ற எங்கள் மங்களாக்காவை அறிந்தவர்கள். கரவெட்டியிலும் அயலிலும் மாடு வைத்திருந்த வீடுகளுக்கு அவருடைய சிவப்பு ஸ்கூட்டியின் சத்தம் தெரியும். வெள்ளம் நிற்கும் ஒழுங்கைக்குள் செருப்பைக் கையில் பிடித்தபடி வந்து கன்றுக்கு ஊசி போட்டவர் அவர். வேலைக்கு வந்த இடத்தில் தேத்தண்ணி குடித்தால் குடித்த பேணியைத் தானே கழுவி வைத்துவிட்டுப் போவார். நீங்கள் அறிந்த அந்த மங்களாக்காவை நான் மறுக்க வரவில்லை. அவரோடு பதினொரு வருடங்கள் பக்கத்துக் கதிரையில் இருந்தவள் நான். அவரைப் பற்றி எனக்குத் தெரிந்ததைத் தெரிந்த ஒழுங்கில் எழுதுகிறேன்.

வடமராட்சிப் பக்கம் இருந்த அந்தச் சிறிய அரச அலுவலகத்தின் பெயர் இங்கே வேண்டாம். ஊரவர்கள் அதை மாட்டாஸ்பத்திரி என்பார்கள். நான் அங்கே களஞ்சியப் பொறுப்பில் நியமனம் பெற்றுப் போன முதல் நாள், மாடு எது, எருமை எது என்பதற்கு அப்பால் எனக்கு ஒன்றும் தெரியாது. மங்களாக்கா என்னைக் களஞ்சிய அறைக்குள் கூட்டிக்கொண்டு போய்த் தடுப்பூசி மருந்து வைத்திருக்கும் பெரிய பிறிஜ்ஜைத் திறந்து காட்டினார். உள்ளே வெப்பமானி தொங்கிக்கொண்டிருந்தது.

"வசந்தி, இதுக்குள்ளை நீர் காவல் காக்கிறது மருந்தை இல்லை. குளிரை. குளிர் போச்செண்டால் உந்தப் போத்தல் எல்லாம் வெறும் தண்ணி."

மத்தியானம் தன்னுடைய புட்டில் பாதியை என் கோப்பையில் தட்டினார். அன்றிலிருந்து அவர் எனக்கு அக்கா. என்னைவிடப் பத்தொன்பது வயது மூத்தவர். ஆனாலும் என்னை ஒருநாளும் 'நீ' என்று சொன்னதில்லை.

தன் கணவர் இறந்து அடுத்த வருடம் மங்களாக்கா ஜேர்மனியில் இருக்கும் தங்கையிடம் போய் இரண்டு மாதம் நின்றுவிட்டு வந்தார். திரும்பி வந்த திங்கட்கிழமை, மற்றவர்களுக்குச் சொக்கிலேற் கொடுத்தார். என்னை மட்டும் களஞ்சியத்துக்குள் கூப்பிட்டுக் கைப்பையிலிருந்து ஒரு கம்பளிக் காலுறையை எடுத்தார். அதற்குள் ஐந்து கிழங்குகள். இஞ்சியைப் போலக் கணுக்கணுவாக, ஆனால் இஞ்சியைவிடத் தடிப்பாக இருந்தன.

"ஐரிஸ். தங்கச்சி வீட்டு முன்பக்கம் முழுக்க உதுதான். மூண்டு இதழ் மேலை நிமிந்து நிக்கும், மூண்டு இதழ் கீழை விழுந்து கிடக்கும். கீழ் இதழிலை தாடி மாதிரி மஞ்சள் மயிர். நான் ஒரு மணித்தியாலம் குந்தியிருந்து பாத்தனான் எண்டால் பாருமன்."

"எயார்போட்டிலை பிடிக்கேல்லையோ அக்கா?"

"ஒருத்தரும் கேக்கேல்லை. கேட்டால் இஞ்சி எண்டு சொல்லியிருப்பன்."

இருவரும் சிரித்தோம். அதில் சிரிக்க என்ன இருந்தது என்று பின்னாட்களில் யோசித்திருக்கிறேன்.

நீர்வேலியில் அவருடைய வீட்டைச் சுற்றி வாழைத்தோட்டம். வீட்டுக்கும் வாழைக்கும் இடையில், நாள் முழுக்க வெயில் விழும் ஒரு துண்டு செம்மண் நிலத்தை அதற்கென்று ஒதுக்கினார். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் கோப்பாயிலிருந்து சைக்கிளில் போவேன். கிணறு வெட்டிய காலத்தில் குவித்து வைத்திருந்த சுண்ணாம்புக் கல்லை இருவருமாக உடைத்து மண்ணோடு கலந்தோம். தண்ணீர் நிற்காமல் ஓட மேடு கட்டினோம். கிழங்கை ஆழத்தில் புதைக்கக் கூடாது என்று தங்கை சொல்லிவிட்டிருந்தார். அதை மங்களாக்கா எனக்குச் சொல்லித் தந்த விதம் அவருக்கே உரியது: "குளத்திலை தாரா நீந்துறதைப் பாத்திருப்பீர். வயிறு தண்ணிக்குள்ளை, முதுகு வெளியாலை. அப்பிடி வையும்."

இலைகள் வந்தன. வாள் வாளாக, விசிறியை விரித்தது போல. ஆனால் ஐப்பசி மழை தொடங்கிய இரண்டாம் கிழமை ஒரு கெட்ட மணம் எழுந்தது. இரண்டு கிழங்குகள் உள்ளுக்குள் கூழாகி இருந்தன. மங்களாக்கா மழைக்குள்ளேயே எல்லாவற்றையும் கிளறி எடுத்து, அழுகலைக் கத்தியால் வெட்டி எறிந்து, சாம்பல் பூசி, சமையலறைப் பரணில் காயப்போட்டார். அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் மழைக்கு முன் எடுப்பதும் தையில் நடுவதும் எங்கள் வழக்கமாயிற்று. மிஞ்சிய மூன்று பக்கக் கிழங்கு விட்டுத் திரும்ப ஐந்தாயின. மூன்று வருடம் இலை வந்தது. பூ வரவில்லை.

தங்கையிடம் கேட்டபோதுதான் காரணம் தெரிந்தது. அந்தக் கிழங்குக்குக் குளிர்காலம் வேண்டும். இரண்டு மூன்று மாதம் குளிரில் கிடந்தால்தான் அதற்குள் பூ உருவாகும்.

"யாழ்ப்பாணத்திலை குளிருக்கு எங்கை போறது அக்கா?"

"பிறிஜ் இருக்கெல்லோ" என்றார்.

அந்த வருடம் மழை மாதங்களில் கிழங்குகள் அவருடைய வீட்டுப் பிறிஜ்ஜில் இருந்தன. தையில் நட்டோம். பூக்கவில்லை. பழுக்கிற பழத்திலிருந்து வரும் வாயு கிழங்குக்குள் இருக்கும் மொட்டைக் கொன்றுவிடுமாம். அவருடைய வீட்டுப் பிறிஜ்ஜில் மாம்பழமும் வாழைப்பழமும் இல்லாத நாள் கிடையாது. போதாததற்கு மின்சாரம் போய்ப் போய் வரும்.

அடுத்த ஐப்பசியில், ஒரு செவ்வாய்க்கிழமை, அவர் ஒரு மண்ணிறக் கடதாசிப் பொதியோடு என் மேசைக்கு வந்தார்.

"வசந்தி, கீழ்த்தட்டு வெறுமையாத்தானே கிடக்கு?"

எனக்கு உடனே விளங்கிவிட்டது. "அக்கா, மருந்தைத் தவிர வேறை ஒண்டும் வைக்கேலாது. நீங்கள்தானே எனக்குச் சொல்லித் தந்தனீங்கள்."

"நல்லாக் கழுவிக் காயவைச்ச கிழங்கு. மூலையிலை கிடக்கும். தை பிறக்க எடுத்திடுவன்."

"ஆரும் கேட்டால்?"

"என்ரை எண்டு நான் சொல்லுவன். உம்மை மாட்டிவிட்டிட்டு நான் பாத்துக்கொண்டு நிப்பனோ?"

பிறிஜ் பூட்டின் திறப்பு என்னிடம் இருந்தது. திறந்து விட்டவள் நான்தான். என் பிழையை நான் எங்கேயும் மறைத்ததில்லை, இங்கேயும் மறைக்கவில்லை. அந்த ஒரு வசனத்தை நம்பினேன். பதினொரு வருடத்தில் அவர் சொன்ன எதையும் நம்பாமல் விட எனக்குக் காரணம் இருந்ததில்லை.

மார்கழியில், முன்னறிவித்தல் இல்லாமல் திணைக்களத்திலிருந்து பரிசோதனைக்கு வந்தார்கள். வந்த அதிகாரி நேரே களஞ்சியத்துக்குள் போனார். வெப்பமானியைப் பார்த்தார், பதிவைப் பார்த்தார், சரி என்றார். பிறகு குனிந்தார். மண்ணிறப் பொதியை எடுத்துப் பிரித்து என் மேசையில் வைத்தார். ஒரு கிழங்கில் சிறு முளை கூட வந்திருந்தது.

"இது ஆற்றை?"

அறைக்குள் நாங்கள் ஐந்து பேர். மங்களாக்கா எனக்கு நேர் எதிரே, யன்னலோடு நின்றார். நான் அவரைப் பார்த்தேன். அவர் தோளில் கிடந்த பையைத் திறந்து உள்ளே எதையோ தேடத் தொடங்கினார். ஒரு கைலேஞ்சியை எடுத்தார், திரும்ப வைத்தார், திரும்ப எடுத்தார்.

"நான் கேக்கிறது கேக்கேல்லையோ? இது ஆற்றை?"

நான் காத்துக்கொண்டு நின்றேன். இப்போது சொல்லுவார், இப்போது சொல்லுவார் என்று.

"பிறிஜ் திறப்பு ஆரிட்டை இருக்கிறது?"

"என்னட்டை, சேர்" என்றேன்.

அதற்குப் பிறகு யாரும் கிழங்கு யாருடையது என்ற அந்த முதல் கேள்வியைக் கேட்கவில்லை. அன்று பிறிஜ்ஜில் இருந்த மருந்து முழுவதையும் பாவிக்கக் கூடாது என்று ஒதுக்கினார்கள். கரவெட்டியில் அடுத்த கிழமை நடக்க இருந்த தடுப்பூசி வேலை நின்றுபோனது. என்னை அங்கேயே இருத்தி விளக்கம் எழுதச் சொன்னார்கள். துரையண்ணை கிழங்குகளை வாரிக்கொண்டு போய்ப் பின்பக்கக் குப்பைக் குழியில் கொட்டினார்.

நான் எழுதிக்கொண்டிருந்த மேசையிலிருந்து அந்தக் குழி தெரியும். அதிகாரியின் வாகனம் போய்ச் சிறிது நேரத்தில் மங்களாக்கா பின்பக்கமாக வந்தார். சேலையை ஒதுக்கிக்கொண்டு குந்தினார். வைக்கோலையும் வெற்றுப் போத்தல்களையும் விலக்கி ஒவ்வொரு கிழங்காக எடுத்து, ஊதி, கைலேஞ்சியால் துடைத்து, பைக்குள் வைத்தார். ஐந்தையும் எடுக்கும்வரை எழும்பவில்லை. முளை முறியாமல் இருக்க அந்தக் கிழங்கை மட்டும் உள்ளங்கையில் ஏந்தியிருந்தார். நான் விளக்கக் கடிதத்தில் "களஞ்சியப் பொறுப்பாளர் என்ற வகையில்" என்று தொடங்கும் வசனத்தில் இருந்தேன். அதை முடிக்க எனக்கு நெடுநேரம் எடுத்தது.

அதில் அவருடைய பெயரை நான் எழுதவில்லை. அவர் சொல்லட்டும் என்றுதான் விட்டேன்.

மறுநாள் காலை ஸ்கூட்டியில் வராமல் பஸ்ஸில் ஏறி என் பக்கத்தில் வந்து இருந்தார். பஸ் வல்லை வெளியைத் தாண்டியது. பிறகு மெல்லச் சொன்னார்:

"எனக்கு ஓய்வுக்கு எட்டு மாசம் இருக்கு வசந்தி. இப்ப ஒரு விசாரணை எண்டு வந்தால் எல்லாத்தையும் நிப்பாட்டிப் போடுவாங்கள். உமக்கு வயசிருக்கு. எல்லாருக்கும் முன்னாலை எனக்கு வாய் வரேல்லை. ஆனால் எழுத்திலை கேப்பினம். அப்ப நான் எழுதுவன், என்ரை எண்டு. கட்டாயம் எழுதுவன்."

என் கையைப் பிடித்தார். அவருடைய கை குளிர்ந்திருந்தது. நான் "சரி அக்கா" என்றேன்.

தை முடிவதற்குள் எனக்கு நெடுந்தீவுக்கு இடமாற்றம் வந்தது. விசாரணை முடியும்வரை என்றார்கள். திங்கள் விடியக் கோப்பாயிலிருந்து புறப்பட்டுக் குறிகட்டுவானில் படகு ஏறினால் வெள்ளி பின்னேரம்தான் வீடு. மகளுக்கு அப்போது பன்னிரண்டு வயது. தீவில் இறங்கிய முதல் கிழமையே ஒரு மாட்டுக்காரர் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு கேட்டார்: "மருந்துப் பெட்டிக்குள்ளை கிழங்கு வைச்ச மிஸ் நீங்களோ?" கதை என்னைவிட முந்திய படகில் வந்துவிட்டிருந்தது. இரண்டு வருடமும் அங்கே எனக்குக் கிழங்கு மிஸ் என்றுதான் பெயர்.

அப்படியிருந்தும் நான் மங்களாக்காவை வெறுக்கவில்லை. அவருடைய கடிதம் போயிருக்கும், எல்லாம் சரிவரும் என்று நம்பிக்கொண்டிருந்தேன். பங்குனியில் ஒருநாள் தொலைபேசி எடுத்தார்.

"வசந்தி, மொட்டு வந்திட்டுது! முளை வந்த கிழங்கு. ஒருத்தருக்கும் சொல்லேல்லை. உமக்குத்தான் முதல் சொல்லுறன். இந்தச் சனிக்கிழமை வாரும்."

போனேன். அந்தப் பூவைப் பற்றி இந்த ஒரு பந்தியாவது எழுத வேண்டும். அதன் மேல் எனக்குக் கோபமில்லை. முழங்காலுக்கு மேல் உயர்ந்த தண்டில் ஒரே ஒரு பூ. கத்தரிப்பூ நிறம். மேல் இதழ் மூன்றும் கூப்பிய கை போல நின்றன. கீழ் இதழ்கள் ஈரப் பட்டுத்துணி போலத் தொங்கின. அவற்றின் நடுவில் மஞ்சள் தாடி, ஒவ்வொரு மயிரும் தனித்தனியாக. கிட்டப் போனால் திராட்சைப் பழம் போல ஒரு மெல்லிய வாசம். சுற்றிவர நீர்வேலி வாழைகள், செம்மண், பங்குனி வெயில். அது இங்கே பூக்க ஒரு நியாயமும் இல்லை. பூத்து நின்றது. நாங்கள் இருவரும் அதன் முன்னால் குந்தியிருந்தோம். மங்களாக்கா அழுதார். நானும் அழுதேன்.

"இதிலை பாதி உம்மடை" என்றார்.

எழும்பும்போது கேட்டேன்: "அக்கா, கடிதம் எழுதினீங்களோ?"

"ஓம். தையிலையே குடுத்திட்டன்" என்றார், பூவைப் பார்த்தபடி.

ஆனியில் விசாரணைக்கு யாழ்ப்பாணம் கூப்பிட்டார்கள். விசாரித்த அதிகாரி நல்ல மனிதர். தாள்கள் கட்டிய விசாரணைக் கோவையைத் திருப்பி என் பக்கம் வைத்து, "மற்ற உத்தியோகத்தர்களின்ரை கூற்று. வாசிச்சுப்போட்டுச் சொல்ல ஏதும் இருந்தால் சொல்லுங்கோ" என்றார். மூன்றாவது தாளில் மங்களாக்காவின் கையெழுத்து. பதினொரு வருடம் பார்த்த எழுத்து. எங்கள் கந்தோரில் அதைவிட அழகான எழுத்து யாருக்கும் இல்லை. தை மாதத் திகதி.

"குளிர்சாதனப் பெட்டியில் காணப்பட்ட பொருள் பற்றி எனக்கு எதுவும் தெரியாது. அதன் திறப்பு எப்போதும் களஞ்சியப் பொறுப்பாளரிடமே இருக்கும்."

இரண்டு வசனங்கள். அவ்வளவுதான். பூவின் முன்னால் நாங்கள் குந்தியிருந்து அழுதபோது இந்தத் தாள் இந்தக் கோவைக்குள் இருந்திருக்கிறது. அவருக்கு அது தெரியும். தெரிந்துகொண்டுதான் என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதார், பாதி உம்மடை என்றார், நான் கேட்டதற்கு ஓம் என்றார். அவர் சொன்னதில் பொய் கூட இல்லை. கடிதம் எழுதியது உண்மை. தையில் கொடுத்ததும் உண்மை.

"சொல்ல ஏதும் இருக்கோ?" என்று அதிகாரி திரும்பக் கேட்டார்.

இல்லை என்றேன். இன்றுவரை அதற்கு எனக்கே சரியான காரணம் தெரியாது. அந்த எழுத்துக்கு எதிராக என் எழுத்தை வைக்க அன்றைக்கு என்னால் முடியவில்லை.

அங்கிருந்து நேரே நீர்வேலிக்குப் போனேன். மங்களாக்கா ஐரிஸ் மேட்டில் புல்லுப் பிடுங்கிக்கொண்டிருந்தார். என் முகத்தைக் கண்டதும் எழும்பினார். நான் கேட்காமலே அவருக்கு விளங்கிவிட்டது.

"எழுதேக்கை கை நடுங்கினது வசந்தி."

"நடுங்கின மாதிரித் தெரியேல்லை அக்கா. எழுத்து நல்ல நேராத்தான் இருந்தது."

அவர் கையிலிருந்த புல்லைக் கீழே போட்டார். "நான் பயந்தனான்" என்றார். மன்னிப்புக் கேட்கவில்லை, தன் பக்க நியாயம் எதையும் எடுத்து வைக்கவுமில்லை. நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அன்றைக்குத்தான் நாங்கள் இருவரும் கடைசியாகக் கதைத்தது.

எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. பதவி உயர்வு பிந்தியது, இடமாற்றமும் இரண்டு வருடமாக நீண்டது. அவர் ஆவணியில் குறைவில்லாமல் ஓய்வு பெற்றார். பிரியாவிடைக்கு எனக்கும் அழைப்பு அனுப்பியிருந்தார்கள். நான் போகவில்லை. மேடையில் அவருடைய நேர்மையைப் பற்றி மூன்று பேர் பேசினார்கள் என்று துரையண்ணை சொன்னார். மங்களாக்கா ஏற்புரை சொல்லாமல் கும்பிட்டுவிட்டு இருந்துவிட்டாராம்.

ஐப்பசியில் கடல் மோசமாகி நான்கு நாள் படகு ஓடவில்லை. இரண்டாம் நாள் கணவர் தொலைபேசி எடுத்தார். மகள் பெரியபிள்ளையாகிவிட்டாள். அவளைப் பிடித்து இருத்தித் தண்ணீர் வார்க்க நான் இல்லை; மச்சாள் வந்து வார்த்தார். தொலைபேசியில் மகள், "அம்மா, எப்ப வருவீங்கள்?" என்று மட்டும் கேட்டாள். நெடுந்தீவு இறங்குதுறையில் நின்று கடலைப் பார்த்தபடி நான் மங்களாக்காவின் பெயரைச் சொல்லித் திட்டினேன். சத்தமாகத் திட்டினேன். அங்கே கேட்க ஆளில்லை.

தீவிலிருந்து திரும்பி வந்த பிறகு, ஒருநாள் அவர் எங்கள் படலைக்கு வந்தார். கையில் ஒரு சாடி. அதற்குள் வாள் இலைகள். நான் யன்னலுக்குள்ளால் பார்த்தேன். வெளியே போகவில்லை. கூப்பிடவும் அவருக்கு மனம் வரவில்லைப் போலும். வெயிலுக்குள் நெடுநேரம் நின்றுவிட்டுச் சாடியோடு திரும்பிப் போனார். அவர் என்னைக் கைவிட்டது போல நானும் அவரை அன்றைக்கு நிற்க விட்டேன் என்று யாராவது சொல்லக்கூடும். சொல்லட்டும். அன்றைக்கு எனக்கு அதற்கு மேல் வரவில்லை.

செத்தவீட்டுக்குப் போனேன். அவருடைய முகம் சிறுத்திருந்தது. வாய்க்கரிசி போட்டேன். கண்ணீர் வந்தது, அது எதற்காக வந்தது என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

எட்டாம் நாள் சடங்கு கழிந்த மறுநாள் செந்தூரன் எங்கள் வீட்டுக்கு வந்தான். முற்றத்தில் நின்றபடியே சொன்னான்:

"அன்ரி, முப்பத்தோராம் நாளுக்கு நினைவு மலர் அடிக்கிறம். அம்மாவைப் பற்றி நீங்கள்தான் எழுத வேணும். போன வருஷம் ஆஸ்பத்திரியிலை நிக்கேக்கை அம்மா சொன்னவ. வசந்தியைக் கேள், வசந்தி எழுதுறதை ஒரு எழுத்தும் மாத்தாமல் போடு எண்டு."

"ஏன் எண்டு சொன்னவவோ?"

"இல்லை. வசந்திக்குத் தெரியும் எண்டா."

எனக்கு உடம்பெல்லாம் கொதித்தது. உயிரோடு இருந்த காலத்தில் ஒரு தாளில் ஒரு வசனம் எழுத முடியவில்லை. இப்போது அதையும் என் கையில் தந்துவிட்டுப் போய்விட்டார். அவருடைய ஒப்புதலை நான் எழுத வேண்டும்; எழுதாவிட்டால் மறைத்தவள் நானாவேன். இரண்டாம் முறையும் திறப்பு என்னிடம்.

செந்தூரனை இருத்தி நடந்தது முழுவதையும் சொன்னேன். அவனுக்கு ஒன்றும் தெரிந்திருக்கவில்லை.

"நான் இதைத்தான் எழுதுவன் தம்பி. இல்லாட்டி எழுதமாட்டன். ஊர் முழுக்க வாசிக்கும். யோசிச்சுச் சொல்லும்."

"எழுதுங்கோ அன்ரி" என்றான். எழும்பிப் படலைவரை போய்த் திரும்பி வந்தான். "அந்தச் செடி இருக்கு. கொண்டுவந்து தரட்டோ?"

"வேண்டாம்" என்றேன். அது எனக்கு வேண்டாம்தான்.

எழுதத் தொடங்கியபோது, இவ்வளவுக்கும் மேலாக அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது என்ன என்று தேடிப் பார்த்தேன். ஒரு காலைநேரம் நினைவுக்கு வந்தது. ஆள் குறைவென்று என்னையும் கரவெட்டிக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தார். ஒரு சிவப்புப் பசு. காலை உதறிக்கொண்டு நின்றது. மங்களாக்கா ஊசியை ஏற்றி வைத்துக்கொண்டு, உடனே போடாமல், அதன் கழுத்தில் கையை வைத்துக் காதருகே சொன்னார்: "ஒரு குத்துத்தான் அம்மா. நோகும். கொஞ்ச நேரம் பொறுத்துக்கொள்ளு." பிறகுதான் போட்டார். வரும் வழியில் நான் பகிடியாகக் கேட்டேன், மாட்டுக்கு விளங்குமோ என்று.

அவர் சிரிக்கவில்லை. "அதுக்கு விளங்குதோ இல்லையோ, சொல்லாமல் குத்தக் கூடாது வசந்தி" என்றார்.

நேற்று, இதுவரை எழுதியதை எடுத்துக்கொண்டு நீர்வேலிக்குப் போனேன். அச்சுக்குக் கொடுக்க முன் வாசித்துக் காட்ட வேண்டும் என்று பட்டது. கூடத்தில் அவருடைய படத்துக்கு விளக்கு எரிந்தது. செந்தூரனும் மனைவியும் நிலத்தில் இருந்தார்கள். நான் படத்துக்கு முன்னால் கதிரையைப் போட்டு இருந்து, "அக்கா, இது நோகும்" என்று சொல்லிவிட்டு, முதல் வரியிலிருந்து வாசித்தேன். அந்த இரண்டு வசனங்கள் வந்த இடத்தில் செந்தூரன் முகத்தைப் பொத்திக்கொண்டான். நான் நிறுத்தவில்லை.

மங்களாக்காவை அறிந்த உங்களுக்கு அவரிடமிருந்து வைத்துக்கொள்ள எவ்வளவோ இருக்கும். அவற்றில் எதையும் நான் குறைக்கவில்லை. நான் வைத்துக்கொள்வது அந்தப் பசுவின் காதில் அவர் சொன்னதைத்தான். அவர் என் விடயத்தில் அதைச் செய்யவில்லை. நான் அவர் விடயத்தில் செய்திருக்கிறேன். கோபமும் என்னிடம் இருக்கிறது. அது தீர்ந்துவிட்டது என்று பொய் எழுதி இந்த மலரை முடிக்க நான் விரும்பவில்லை.